மஞ்சள் விளக்கும் வழிப்போக்கரின் ஹக்கும்



ஐப்பசி, கார்த்திகை வைகறைகளில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குக் குடும்பத்துடன் மலையேறுவோர் மூடுபனியின் அச்சத்தை அறிவர். அங்கே முகப்பு விளக்கை உயர்த்தினால், ஒளி பனித்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்புகிறது. தாழ்வாகப் பொருத்திய மூடுபனி விளக்கோ சாலையின் ஓரத்தைக் காட்டுகிறது. மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்பர் சிலர். உண்மையில், அதில் நீல ஒளி குறைவு. ஆகவே கண்கூச்சம் குறைகிறது.

பல்பு வாங்குகையில் பலரும் நாடுவது மிகுந்த வெளிச்சத்தையே. 55 வாட் குறித்த இடத்தில் 100 வாட் பொருத்தினால் வயரும் ஹோல்டரும் உருகக்கூடும். எதிரே வருபவரின் பார்வையும் மறையும். நீண்ட ஆயுளுக்கெனச் செய்யப்படும் ஹாலோஜன் பல்பு சற்று மங்கலாக எரிந்தாலும் அதன் இழை நெடுநாள் தாங்கும். பொருத்தும்போது கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள்; எண்ணெய்ப் பசை படிந்த இடம் மிகையாகச் சூடேறிப் பல்பு விரைவில் பழுதாகும். விளக்கினுள் நீர் கோத்திருந்தால், முதலில் ரப்பர் வளையத்தைச் சரிபாருங்கள்.

பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். மத்ரஸாவில் இதனை விளக்கும்போது மாணவர்கள் முள்ளையும் கல்லையும் எடுத்துக்காட்டுவர். கண்ணைப் பறிக்கும் விளக்கையும் நான் அவற்றோடு சேர்த்துச் சொல்வேன். ஒளியைத் தாழ்த்தி வைப்பதும், பனி விலகியதும் அணைப்பதும், எதிரே இருசக்கர வண்டியில் வரும் முகமறியாத மனிதருக்கு நாம் செலுத்த வேண்டிய ஹக்கு.

அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானாக. ஆமீன்.