அப்பாவின் தராசும் ஆறு மருந்தும்

யின், யாங் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது சாவிக்கொத்திலும் டி-சட்டையிலும் பார்க்கிற அந்தக் கறுப்பு வெள்ளை வட்டம்தான். பாதி கறுப்பு, பாதி வெள்ளை, ஆளுக்கு ஒரு புள்ளி. அதைப் பார்த்தால் என்ன தோன்றும்? உடம்பில் சூடு கூடினால் குளிர்ச்சியைச் சேர், குளிர்ச்சி கூடினால் சூட்டைச் சேர், கதை முடிந்தது! டுரியான் தின்றால் பின்னாலேயே மங்குஸ்தான் தின்னச் சொல்கிறார்களே, அந்தக் கணக்கு. ஆய்வுக்கூடத்தில் அமிலத்துக்குள் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறியதும் குழாயை மூடுகிறோமே, அதே மாதிரி.

அப்படி இல்லை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒருவர். என் அப்பா.

வாசகர்களே, இரசாயனப் பொறியியல் பட்டயப்படிப்பு இரண்டாம் ஆண்டு படிக்கிற தமிழ்ப் பெண்ணுக்கும் சீன மருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். ஜொகூரில் ஒரு தோட்டப் பள்ளியில் நாலு வருஷம் படித்துவிட்டு, பிறகு சிங்கப்பூருக்கு வேலை தேடி வந்தவர் அப்பா. கேலாங் பக்கத்தில் ஒரு சீன மருந்துக்கடையில் மூட்டை தூக்கத்தான் சேர்ந்தார். இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது. இப்போது ஹொக்கியென் பேசுவார், மலாய் பேசுவார், தவுக்கே இல்லாத நேரத்தில் சீட்டைப் பார்த்து மருந்தை நிறுத்துக் கொடுக்கிறவர்களுக்கு இழுப்பறையைத் திறந்துகொடுப்பார். சீன எழுத்து ஒன்றுகூட வாசிக்கத் தெரியாது! ஆனாலும் அந்தச் சுவர் முழுக்க நிற்கும் மரப்பெட்டகத்தில் எந்த வரிசை, எத்தனையாவது இழுப்பறை, அதில் முன்தடுப்பா பின்தடுப்பா என்று கண்ணைக் கட்டிவிட்டால்கூடச் சொல்வார். சந்தேகம் வந்தால் ஒரு துண்டைக் கிள்ளி முகர்ந்து பார்ப்பார். அவ்வளவுதான். அந்தப் பெட்டகத்துக்குச் சீனத்தில் 'நூறு பிள்ளைப் பெட்டகம்' என்று பெயராம். "நமக்கு ரெண்டு பிள்ளை, அங்க நூறு பிள்ளை" என்று அம்மா கேலி செய்வார்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

போன வருஷம் அம்மாவுக்கு ஐம்பத்தொரு வயது. நடு இராத்திரியில் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டி எழுந்து உட்கார்ந்துகொள்வார். உள்ளங்கையும் உள்ளங்காலும் எரிகிறது என்பார். சர்க்கரை நோய் ஏற்கெனவே உண்டு. பலதுறை மருந்தகத்தில் கொடுத்த மெட்ஃபார்மின் மாத்திரையை ஆறு வருஷமாகச் சாப்பிட்டு வருகிறார். பக்கத்து வீட்டு சீன ஆண்ட்டி நல்ல மனதோடு தனக்குத் தெரிந்த ஒரு சீன வைத்தியரிடம் கூட்டிப் போனார். (அப்பா வேலை செய்யும் கடை இல்லை, வேறு இடம்.) வைத்தியர் நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், மாண்டரினில் என்னமோ சொன்னார். உதவிக்கு நின்ற பெண் அதை மலாயில் மூன்றே சொல்லில் மொழிபெயர்த்தாள்: "புவா பிங்காங் லெமா."

சிறுநீரகம் பலவீனம்!

சர்க்கரை நோயாளியிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? எங்கள் புளோக்கிலேயே மூன்று பேர் வாரத்துக்கு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறார்கள். அம்மா வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அழுகைகூட இல்லை. என் இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் இரண்டு தரம் கேட்டார்.

அப்பா இரவு ஒன்பதரைக்கு வந்தார். கேட்டுவிட்டு, "அட, அது இந்த கிட்னி இல்லம்மா" என்றார்.

சீன மருத்துவத்தில் 'ஷென்' என்கிற சொல்லைச் சிறுநீரகம் என்று மொழிபெயர்க்கிறோம். ஆனால் அந்த மருத்துவம் அந்தப் பெயரில் குறிப்பது முதுகுப் பக்கம் இருக்கும் அவரை விதை போன்ற அந்த உறுப்பை மட்டும் இல்லை. வளர்ச்சி, எலும்பு, பல், முடி, பிள்ளைப்பேறு, முதுமை, உடம்பின் அடிப்படை நீரும் நெருப்பும் எல்லாம் அதன் கணக்கில் வரும். 'ஷென் யின்' குறைவு என்றால் உடம்பின் நீர்ப்பக்கம் வற்றியிருக்கிறது என்று பொருள். இரத்தச் சுத்திகரிப்புக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. நான் உடனே அம்மாவின் பலதுறை மருந்தகச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு முந்தைய இரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை இரண்டிலும் சிறுநீரகம் நன்றாகவே இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தைச் சரியாக மொழிபெயர்த்திருந்தால் அம்மா அன்றைக்குச் சாப்பிட்டிருப்பார்.

அன்று இரவு அப்பா எனக்குப் பாடம் எடுத்தார். அடுப்பில் பானை கொதித்து வழிகிறது என்று வையுங்கள். இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, நெருப்பு அதிகம். இன்னொன்று, நெருப்பு சரியாகத்தான் இருக்கிறது, தண்ணீர் குறைவு. இரண்டிலும் பானை சுடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே சூடு. முதல் வகைக்குக் கசப்பும் குளிர்ச்சியுமான மருந்து, அதாவது நெருப்பைத் தணிப்பது. இரண்டாம் வகைக்கு அதைக் கொடுத்தால்? நெருப்பும் அணைந்து, தண்ணீரும் இல்லாமல் ஆள் இன்னும் தளர்ந்துபோவார். "சூடு சூடுன்னு தினம் ரெண்டு கப் குளிர்ச்சி டீ குடிச்சிட்டு, வயித்தால போகுதுன்னு கடைக்கு வர்ற பாட்டிங்க எத்தனை பேர் தெரியுமா?" என்றார் அப்பா. இரண்டாம் வகைக்கு யாங்கைக் குறைக்கக் கூடாதாம். யின்னை நிரப்ப வேண்டுமாம். அமிலம், காரம் என்கிற என் ஆய்வுக்கூடக் கணக்கு இங்கேதான் உடைந்தது.

மறுநாள் அப்பா கடையில் காசு கொடுத்து ஆறு பொட்டலம் வாங்கி வந்தார். வைத்தியர் அம்மாவுக்குக் கொடுத்த உருண்டையில் இருப்பதும் இந்த ஆறுதான். 'லியூ வெய் தி ஹுவாங் வான்', அதாவது ஆறு மருந்துத் தி ஹுவாங் மாத்திரை. பழைய செய்தித்தாளை விரித்து ஒவ்வொன்றாகப் பரப்பினார். கரி மாதிரி கறுத்து, பிசுபிசுவென்று ஒட்டும் ஷூ தி ஹுவாங். அது ஒரு வேர். பச்சையாக இருக்கும்போது குளிர்ச்சி; அரிசி மதுவோடு திரும்பத் திரும்ப ஆவியில் வேக வைத்து, காய வைத்து இப்படிக் கறுப்பாக்கினால் இலேசான சூட்டுக்கு மாறிவிடுமாம். புளிப்பான சிவப்புப் பழத்தின் சதை ஷான் ட்ஸூ யூ. வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் கட்டி போல ஷான் யாவ். இது நம் வள்ளிக்கிழங்கின் இனம். இந்த மூன்றும் ஊட்டுகிறவை. மற்ற மூன்று வேறு வேலைக்கு: நீர்ச்செடிக் கிழங்கான ஸே ஸியே, ஒருவகைப் பூமரத்தின் வேர்ப்பட்டையான மூ தான் பி, பைன் மர வேரில் வளரும் காளானான ஃபூ லிங். இவை வடிக்கிறவை.

எனக்குப் புரியவில்லை. ஒரே மாத்திரையில் நிரப்பவும் வேண்டும், வடிக்கவும் வேண்டுமா? ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதா?

"அந்தக் கறுப்பைத் தனியாச் சாப்பிட்டா வயிறு மந்தமாயிடும். ஒட்டிக்கும். அதுக்குத்தான் ஸே ஸியே வழி விடுது. பழம் சூடு ஏத்தும், பட்டை அதைப் பார்த்துக்கும். கிழங்குக்குக் காளான் துணை." ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல்காரன்! எங்கள் பாடத்தில் ஒரு கலத்துக்குள் எவ்வளவு நுழைகிறது, எவ்வளவு வெளியேறுகிறது, எவ்வளவு தங்குகிறது என்று ஒரு கணக்குப் போடுவோம். வெளியேறும் வழி இல்லாமல் நுழைத்துக்கொண்டே இருந்தால் கலம் என்ன ஆகும் என்று முதலாண்டு மாணவனுக்கும் தெரியும். அப்பா அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேக் செய்யும் தராசை எடுத்தேன். அளவு 8, 4, 4, 3, 3, 3. மொத்தம் 25 பங்கு. ஊட்டுகிற மூன்றுக்கு 16, வடிக்கிற மூன்றுக்கு 9. சமம் என்கிறோமே, எங்கே சமம்? குறைந்து கிடப்பது யின் என்பதால் தட்டு வேண்டுமென்றே அந்தப் பக்கம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. எனக்குப் பிடித்துப்போனது இதுதான். மருந்துக்குள் சமம் இருக்க வேண்டியதில்லை; மருந்து உள்ளே போன பிறகு ஆளுக்குள் வர வேண்டும். அப்படியானால் ஆள் மாறினால் கணக்கும் மாறத்தானே வேண்டும்?

இந்தக் கூட்டு பிறந்த கதையே அதைத்தான் காட்டுகிறது. கீழை ஹான் காலத்து வைத்தியர் ஜாங் ஜோங்ஜிங் எட்டுச் சரக்கில் ஒரு மாத்திரை வகுத்தார். இந்த ஆறோடு இலவங்க வகை ஒன்றும், ஃபூ ட்ஸூ என்கிற கிழங்கும் சேரும். ஃபூ ட்ஸூ நம் வசநாவியின் இனம். பக்குவம் செய்யாமல், நெடுநேரம் கொதிக்க வைக்காமல் கொடுத்தால் இதயத்தையே நிறுத்திவிடும். நெருப்பு குறைந்தவர்களுக்கான மாத்திரை அது. சுமார் 900 வருஷம் கழித்து, சோங் காலத்தில் சியென் யீ என்ற குழந்தை வைத்தியர் அதைக் கையில் எடுத்தார். குழந்தைகளிடம் நெருப்பு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது, அவர்களுக்கு எதற்கு இந்த இரண்டும் என்று நீக்கிவிட்டார். புதிதாக ஒன்றுமே சேர்க்கவில்லை. எட்டு ஆறானது, மாத்திரை நெருப்புப் பக்கத்திலிருந்து நீர்ப் பக்கத்துக்கு மாறிவிட்டது. அவர் முறைகளை அவர் மாணவர் தொகுத்து 1119-இல் புத்தகமாக்கினார்.

பிற்காலத்தில் இந்த ஆறோடு ஜீ மூ, ஹுவாங் பாய் இரண்டையும் சேர்த்து இன்னொரு மாத்திரை வந்தது. சூடு அதிகமாகத் தெரிகிறவர்களுக்கு. இதில் ஒரு சிங்கப்பூர்க் கதை உண்டு. அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது ஹுவாங் பாய் இழுப்பறையில் வேறு சரக்கு இருந்ததாம். ஏன்? ஹுவாங் பாயிலும் ஹுவாங் லியென்னிலும் பெர்பெரின் என்ற மஞ்சள் பொருள் இருக்கிறது. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகளின் கடுமையான மஞ்சள் காமாலையோடு அதைத் தொடர்புபடுத்தி, 1978-இல் இங்கே தடை செய்தார்கள். மறு ஆய்வுக்குப் பிறகு 2013-இல்தான் அந்த இரண்டு மூலிகைக்கும் தடை நீங்கியது. "முப்பத்தஞ்சு வருசம் கழிச்சு ஊருக்குத் திரும்பின ஆள் மாதிரி வந்து உக்காந்துச்சு" என்கிறார் அப்பா. இதையும் ஆளைப் பார்த்துக் கொடுக்க வேண்டிய கதையாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி அம்மாவின் கதை. சிறுநீரகப் பயம் போனதும் வேறு ஒரு யோசனை வந்தது அவருக்கு. சர்க்கரை நோயும் யின் குறைவால்தான் வருகிறது, இந்த உருண்டை அதற்கும் நல்லது என்று ஆண்ட்டி சொன்னாராம். பழைய நூல்களில் தீராத தாகம், மெலிவு என்று விவரிக்கப்படும் நோய்க்கு அப்படி ஒரு விளக்கம் உண்டு, உண்மைதான். ஆனால் அம்மா அதிலிருந்து போட்ட கணக்கு: "அப்ப வெள்ளை மாத்திரைய நிப்பாட்டிடலாம்."

நானும் அப்பாவும் ஒரே குரலில் "கூடாது" என்றோம். வீட்டில் இது அபூர்வம்.

உருண்டைப் பெட்டியை எடுத்தேன். ஒன்பது கிராம் உருண்டை. இந்தப் பெரிய உருண்டைகளைப் பிடிக்க 100 கிராம் தூளுக்கு 80 முதல் 110 கிராம் வரை காய்ச்சிய தேன் சேர்ப்பார்கள். அப்படியானால் ஏறக்குறைய பாதி தேன்! நாளைக்கு இரண்டு உருண்டை என்றால் ஒரு தேக்கரண்டிக்கும் மேலே. காப்பியில் சர்க்கரையை விட்டு ஆறு வருஷம் ஆன அம்மாவுக்கு, மருந்து என்ற பெயரில் பின்வாசல் வழியாகத் தேன் வந்துகொண்டிருந்தது. ஆறு மூலிகையைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய நாங்கள் ஏழாவதைப் பெட்டியில் கண்டோம். அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "தேன் வைக்காத சின்ன மாத்திரையும் இருக்கு" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கென்றே சீனாவில் விற்கும் 'சியாவ் கே வான்' என்ற மாத்திரையில் மூலிகைகளோடு கிளிபென்கிளமைட் என்ற ஆங்கில மருந்தும் ஒவ்வொரு மாத்திரைக்கும் 0.25 மில்லிகிராம் உண்டு. மூலிகைதானே என்று நினைத்து, மருத்துவர் கொடுத்த மருந்தோடு அதையும் விழுங்கினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும். உறவினர் யாராவது ஊரிலிருந்து வாங்கி வந்து கொடுத்தால் அட்டைப்பெட்டியை வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அடுத்த வாரம் அப்பா அரை நாள் விடுப்பு எடுத்து, அம்மாவோடு அதே வைத்தியரிடம் போனார். நான் பலதுறை மருந்தக மருந்துப் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிந்துகொண்ட வைத்தியர்தான். அப்பா ஹொக்கியென்னில் ஒவ்வொன்றாகச் சொன்னாராம்: சர்க்கரை இருக்கிறது, இந்த மாத்திரை சாப்பிடுகிறார், நிறுத்த மாட்டார், தேன் வேண்டாம். வைத்தியர் பட்டியலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார், மருந்தை மாற்றினார், இரண்டு மருந்துக்கும் நடுவே இடைவெளி விடச் சொன்னார். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்பது என் அபிப்பிராயம். பலதுறை மருந்தக மருத்துவரிடமும் சொன்னோம். வேர்வை மாதவிடாய் நிற்கும் பருவத்தில் வருவது என்றார். திட்டவில்லை, பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

அம்மாவுக்கு இப்போது இராத்திரி வேர்வை குறைவு. சீன மருந்தாலா, அந்தப் பருவமே கடந்துபோகிறதாலா? ஒரே ஓர் ஆளை வைத்து முடிவு எழுதினால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். யின் எத்தனை பங்கு ஏறியது என்று காட்டும் கருவி இல்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை இருக்கிறது. அதை அம்மா தவறவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அப்பா எனக்கு ஒரு சரக்கு கொண்டு வருவார். முகரச் சொல்வார், பெயர் சொல்வார். நான் தமிழில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, எந்த வரிசை எந்த இழுப்பறை என்று கோடு போட்டுப் படமும் வரைந்து வைக்கிறேன். நாற்பத்து மூன்று ஆகியிருக்கிறது. இந்த வாரம் அதிமதுரத்தின் சீனத் தம்பி.