ரெக்கவர் மட்டும் போதாது

கோ மொழியில் ரெக்கவர் போட்டு புரோகிராம் விழாமல் காப்பாற்றுகிறோம், நல்லது. ஆனால் பலர் பிழைச் செய்தியை மட்டும் லாகில் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ‘நில் பாயின்டர்’ என்று ஒற்றை வரி. எந்த ஃபைல், எத்தனையாவது வரி, யார் கூப்பிட்டது? நடுராத்திரியில் எழுப்பப்பட்டு அதைப் பார்க்கிறவர் என்ன செய்வார்?

டிஃபர் செய்த ஃபங்ஷனுக்குள்ளேயே டீபக் பேக்கேஜின் ஸ்டாக்கைக் கூப்பிட்டுவிடுங்கள். பேனிக் வந்ததும் டிஃபர்கள் அதே ஸ்டாக்கின் மேல்தான் ஓடுகின்றன. உடைந்த இடம் அதில் அப்படியே இருக்கும். அந்த ஃபங்ஷன் முடிந்து திரும்பினால் தடயம் போச்சு. டிரேஸில் ‘பேனிக்’ வரிக்குக் கீழே முதலில் வரும் உங்கள் ஃபைலைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் விஷயம்.

இன்னொன்று. கோவின் எச்டிடிபி சர்வர், ஹேண்ட்லரில் பேனிக் வந்தால் தானாகவே டிரேஸை லாகில் எழுதும். நடுவில் நாம் ஒரு ரெக்கவரைச் செருகினால் அதுவும் நின்றுவிடுகிறது. பாதுகாப்பு என்று நினைத்து இருந்த வெளிச்சத்தையும் அணைத்துவிடுகிறோம். எனக்கு இதுதான் ரொம்ப வருத்தம்.

கோரூட்டீன் ஒவ்வொன்றுக்கும் தனி ரெக்கவர் வேண்டும். ஒன்றில் வரும் பேனிக்கை இன்னொன்று பிடிக்க முடியாது. மொத்த புரோகிராமும் விழும்.

நண்பர்களே, உங்கள் கோடில் ரெக்கவர் இருக்கும் இடங்களை இன்றைக்கே ஒருமுறை தேடிப் பாருங்கள்.