வேகப்பந்தை விடச் சொன்னால்

நேற்றுப் பின்னேரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவன் கிளவுஸை இஸ்தோப்பில் எறிந்துவிட்டு உள்ளே போனாய். சாப்பிடவும் இல்லை. வேகப்பந்தை விட்டுவிட்டுக் கீப்பராக நிற்கச் சொல்லிவிட்டாராம் உங்கள் சேர். அவருக்கு உன்னைக் கண்டாலே ஆகாது என்றாயாம். உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கோபம் ஆறட்டும் என்று நான் வாய் திறக்கவில்லை. இன்று ஞாயிறு. பன்விலயில் மழையும் பிடித்துக்கொண்டது. உட்கார்.

கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் ஒரு பையன் இருந்தான். குண்டசாலையில் பிஸ்கட் தொழிற்சாலை வைத்திருந்த குடும்பம். தாத்தா 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர், நம்முடைய பாட்டன் பூட்டன் வந்த அதே வழி. அந்தப் பையனும் உன்னைப் போல மிதவேகமாகத்தான் பந்து போட்டான். பதினாலு வயதில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ அவனை ஓஃப் ஸ்பின் போடச் சொன்னார். அன்றைக்கு அந்தப் பிள்ளையும் வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டானோ என்னவோ. ஆனால் மறுநாள் போய்ப் போட்டான். பள்ளியில் கடைசி இரண்டு பருவங்களில் நூறு விக்கெட்டுக்கு மேல். 2010 ஜூலையில் காலியில் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தியபோது டெஸ்டில் 800. முத்தையா முரளிதரன் என்று உனக்கு நான் பெயர் சொல்லத் தேவையில்லை.

சுனில் பெர்னாண்டோவின் பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள்? எனக்கு அந்த மனிதர்மேல்தான் பிரியம் அதிகம். பையன் ஆசைப்பட்டதை அவர் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்திருக்க வேண்டும்.

எனக்கும் ஒருவர் அப்படி வாய்த்தார். இளவயதில் நான் கவ்வாத்து வெட்டப் போனவன். கவ்வாத்துக் கத்தியோடு மலையில் இறங்குகிறவனுக்கு லயத்தில் ஒரு மதிப்பு இருந்தது. ஒருநாள் டீமேக்கர் என்னைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து தொழிற்சாலைக்கு வா என்றார். அரைத்த கொழுந்து பச்சை வாசம் போய்ப் பழவாசம் பிடிக்கிற நேரத்தை நான் தற்செயலாக ஒரு தடவை சரியாகச் சொல்லியிருந்தேன். அதை மனதில் வைத்திருந்திருக்கிறார். எனக்கோ அது பெரிய அவமானம். இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்த மூக்குதான் முப்பது வருஷம் இந்த வீட்டுக்குச் சோறு போட்டது.

நீ கைபேசியில் ஜப்பான்காரர்களின் பேஸ்போல் பார்க்கிறாய். ஒதானிக்கு முன்னால் அங்கே சதஹரு ஓ என்றொருவர். 1940இல் தோக்கியோவில் பிறந்தவர். அப்பா சீனர், அம்மா ஜப்பானியர், வீட்டில் நூடில்ஸ் கடை. பள்ளி அணியில் நட்சத்திரமாக இருந்தும், ஜப்பான் பிரஜை இல்லை என்று தேசிய விளையாட்டு விழாவில் அவரை ஆட விடவில்லை. இதை வாசித்த இராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 1948இல் இங்கே நம் மலையக ஆட்களின் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். அந்தக் காகிதம் இல்லை என்று ஒரு கந்தோர் வாசலிலிருந்து நானும் திரும்பி வந்திருக்கிறேன்.

1959இல் யோமியூரி ஜயன்ட்ஸில் பந்து எறிபவராகச் சேர்ந்த ஓவை அடிக்கிறவராக மாற்றினார்கள். முதல் 26 தடவையும் ஒரு ஹிட்கூட இல்லை. மூன்று வருஷம் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லை, குடி வேறு. 1962இல் ஹிரோஷி அரகாவா என்ற பயிற்றுநர் வந்தார். ஒற்றைக் காலைத் தூக்கி நின்று அடி என்றார். கொக்கு மாதிரி! கூரையிலிருந்து கடதாசித் துண்டைத் தொங்கவிட்டு அதை வாளால் வெட்டப் பழக்கினார். அந்த வருஷமே 38 ஹோம்ரன். ஓய்வு பெறும்போது 868. உலகத்தில் எந்தத் தொழில்முறை ஆட்டக்காரரும் அதைத் தொடவில்லை.

பிறகு அவரே அணியை நடத்த வந்தார். அங்கே எல்லாம் சரியாக நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஒரே பருவத்தில் 55 ஹோம்ரன் என்பது அப்போது அவருடைய சாதனையாக இருந்தது. 1985இல் ராண்டி பாஸ் என்ற அமெரிக்கர் 54இல் நின்றபோது, ஓ நடத்திய அணியின் பந்து எறிபவர்கள் அவருக்கு அடிக்கிற மாதிரிப் பந்தே கொடுக்கவில்லை. ஓ சொல்லித்தான் செய்தார்களோ இல்லையோ, அவர் தடுத்திருக்கலாம். அந்த அணி 1988இல் அவரை விலக்கியது. 1995இல் ஃபுகுவோகா ஹோக்ஸுக்குப் போனார். தோல்விமேல் தோல்வி. 1996இல் சொந்த ரசிகர்களே அணியின் பஸ்மேல் முட்டை எறிந்தார்கள். உள்ளே 868 ஹோம்ரன் அடித்த மனிதர் உட்கார்ந்திருக்கிறார், யோசித்துப் பார். அவர் விட்டுவிட்டுப் போகவில்லை. 1999இல் அதே அணி ஜப்பான் சம்பியன். 2006இல் முதலாவது வேர்ல்ட் பேஸ்போல் கிளாசிக் கிண்ணத்தையும் ஜப்பானுக்கு எடுத்துக் கொடுத்தார்.

முரளிக்கு முட்டை விழவில்லை, 'நோபோல்' விழுந்தது. 1995 டிசம்பர் 26, மெல்பர்னில் நடுவர் டெரல் ஹெயர் மூன்று ஓவரில் ஏழு தடவை கையை நீட்டினார். பந்தை எறிகிறார் என்று குற்றம். பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாத முழங்கை அது. சண்டைக்குப் போகாமல் பரிசோதனைக்குப் போனார். 2004இல் கை மடங்காதபடி இரும்பு வைத்த கவசத்தை மாட்டிக்கொண்டு, கமராவுக்கு முன்னால் தூஸ்ரா வரைக்கும் போட்டுக் காட்டினார். இத்தனைக்கும் பிறகு, 2014இல் பாகிஸ்தானோடு ஆடப் போன அவுஸ்திரேலியா, சுழல் சொல்லிக்கொடுக்க யாரைக் கூப்பிட்டது தெரியுமா? இவரைத்தான். போனார். நானாக இருந்தால் போயிருக்கமாட்டேன், உண்மையைச் சொல்கிறேன். (அந்தத் தொடரில் அவர்கள் தோற்றார்கள், அதற்கு முரளி என்ன செய்வார்?) 2016இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் ஐ.பி.எல். வென்றபோதும் பந்துவீச்சுப் பக்கம் அவர்தான் இருந்தார். பதினாலு வயதில் ஒருவர் தன் கையைப் பார்த்தது போல, இப்போது அவர் மற்றவர்கள் கையைப் பார்க்கிறார்.

உங்கள் சேர் சுனில் பெர்னாண்டோவா என்று எனக்குத் தெரியாது. பிழையாகவும் சொல்லியிருக்கலாம். ஆனால் போன மாதம் மைதானத்து ஓரத்தில் நானும் நின்றேனே. உன் பந்து போகிற இடம் உனக்கே தெரியவில்லை. அதே பின்னேரம் கீப்பருக்குக் காய்ச்சல் என்று உன்னை நிறுத்தினார்கள். லெக் பக்கம் போன பந்தைப் பாய்ந்து பிடித்தாய். அதை நீ மறந்துவிட்டாய், அவர் மறக்கவில்லை.

மழை இஸ்தோப்புக்குள் அடிக்கிறது. கிளவுஸ் நனைகிறது பார், எடுத்து அடுப்படியில் காய வை.