கார் சீட்டில் தொடங்கிய கறி

புரட்டாசி மாதம் கூடுவாஞ்சேரியில் கோழிக்கடைகள் காற்று வாங்கும். மளிகைக் கடைகளில் மீல் மேக்கர் மூட்டை மட்டும் மளமளவென்று இறங்கும். பிரியாணிக்கும் குருமாவுக்கும் அந்த ஒரு மாதத்துக் கறி அதுதான். கல்லூரிப் பிள்ளைகள் நிறைந்துவிட்ட ஊர் என்பதால் இப்போது அதற்கு வேலை இன்னும் கூடியிருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் சைவ ரோல், சைவ மோமோ என்று எதைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே பெரும்பாலும் இதுதான் இருக்கும். பொத்தேரியில் படிக்கும் என் மகள் வீட்டில் டாக்கோ கேட்டாள். புரட்டாசி முடியும்வரை பொறுக்க மாட்டாள், உருளைக்கிழங்கை வைத்துக் கொடுத்தால் ஒப்புக்கொள்ளவும் மாட்டாள். "கறி மாதிரி இருக்கணும்ப்பா. ஆனா கறியா இருக்கக் கூடாது."

இந்த நிபந்தனையை முதலில் யார் போட்டது என்று தெரிந்துகொள்ளத்தான் தேட ஆரம்பித்தேன். கறியே வேண்டாம் என்று விடுவது பழைய சங்கதி. கறியை விட்டுவிட்டு, அதைப் போலவே ஒன்றைச் செய்ய மெனக்கெடுவது வேறு சங்கதி.

தேடலுக்கு முதல் துப்பு மீல் மேக்கர் பாக்கெட்டின் பின்புறத்திலேயே இருந்தது. சேர்மானம் என்ற இடத்தில் ஒரே ஒரு பொருள்: கொழுப்பு நீக்கிய சோயா மாவு. அதாவது சோயாவிலிருந்து எண்ணெயை எடுத்த பிறகு மிஞ்சுவது. நம் ஊரில் அதற்குப் பெயர் புண்ணாக்கு. சோயாவில் எண்ணெய் குறைவு, ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். எனவே செக்கில் ஆட்டுவதில்லை. ஹெக்சேன் என்ற கரைப்பானில் எண்ணெயைக் கரைத்துப் பிரித்துவிட்டு, கரைப்பானை ஆவியாக்கி எடுத்துவிடுவார்கள். மிச்சத்தில் பாதிக்குப் பாதி புரதம். அதில் பெரும்பகுதி கோழிக்கும் மாட்டுக்கும் தீவனமாகப் போகிறது, கொஞ்சம் மனிதனுக்கு வருகிறது. மளிகைக் கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். "புண்ணாக்குன்னு வெளிய சொல்லிடாதீங்க சார், யாவாரம் படுத்துடும்" என்றார். சரக்கு இந்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறதாம்.

இந்தூர் என்றதும் கதை மத்தியப் பிரதேசத்துக்குப் போகிறது. சோயா நம் நாட்டுக்கு முற்றிலும் புதிதல்ல. குமாவுன் மலைகளில் கறுப்புச் சோயாவை 'பட்' என்ற பெயரில் வெகுகாலமாகச் சமைக்கிறார்கள். 1935-ல் காந்தி வார்தாவின் மகன்வாடியில் சோயாவைச் சமைத்துப் பார்த்து 'ஹரிஜன்' இதழில் எழுதினார். ஏழைக்கு மலிவான புரதம் கிடைக்குமா என்பது அவர் கேள்வி. ஆனால் வயலில் அது பரவியது முப்பது வருடம் கழித்துத்தான். 1960-களில் பந்த்நகர், ஜபல்பூர் வேளாண் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ரகங்களைச் சோதித்தன. 1967-ல் அகில இந்திய ஒருங்கிணைந்த சோயா ஆராய்ச்சித் திட்டம் வந்தது. மத்தியப் பிரதேச விவசாயிகள் மழைக்காலத்தில் கரிசல் நிலத்தைத் தரிசாகப் போட்டுவைப்பது வழக்கம். அந்தத் தரிசில் சோயா உட்கார்ந்துகொண்டது. நாட்டுக்குத் தேவைப்பட்டது எண்ணெய். கூடவே வந்தது புண்ணாக்கு. புண்ணாக்கிலிருந்து வந்தது நம் மீல் மேக்கர். பிறகு அது தமிழ்நாட்டுச் சத்துணவில் கலவை சாதத்திலும் ஏறியது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இதையே சோயா மீட் என்று சொல்லி, தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைக்கிறார்கள். என் நாக்குக்கு நம் பிரியாணியை விட அந்தக் குழம்பு மேல்.

மாவு சரி. மாவுக்கு நார் எங்கிருந்து வந்தது? உளுந்து மாவையோ கடலை மாவையோ எத்தனை பிசைந்தாலும் கறி நார் வராது. அதற்கு ஒரு இயந்திரம் வேண்டும். சோயா மாவைத் தண்ணீரில் பிசைந்து, நல்ல சூட்டிலும் அழுத்தத்திலும் திருகித் தள்ளி, சின்னத் துளை வழியாக வெளியே விட வேண்டும். நம் முறுக்கு அச்சுதான், உள்ளே அடுப்பு வைத்த முறுக்கு அச்சு. அழுத்தத்தில் புரத இழைகள் ஒரே திசையில் நீள்கின்றன. வெளியே வந்த நொடியில் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகிப் பறக்க, உருண்டை பொசுக்கென்று உப்பி, உள்ளே துளைத்துளையாகக் காய்ந்துவிடுகிறது. அமெரிக்காவின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனத்தின் வில்லியம் அட்கின்சனுக்கு இதற்கான காப்புரிமை 1970-ல் கிடைத்தது. உலகம் முழுக்க விற்கும் சோயா உருண்டைக்கு மூலம் இதுதான். டாக்கோவின் சொந்த ஊரான மெக்சிகோவிலும் 'கார்னே தே சோயா' என்று இதையே மூட்டையில் வைத்து விற்கிறார்கள், டாக்கோவுக்குள்ளும் வைக்கிறார்கள்.

அட்கின்சனோடு தேடலை நிறுத்தியிருக்கலாம். ஆனால் சோயாவை நாராக்கிக் கறி செய்யலாம் என்ற யோசனை அவருக்கு முன்பே இன்னொருவருக்கு வந்திருக்கிறது. அவர் பெயர் ராபர்ட் பாயர். வேலை பார்த்த இடம் ஃபோர்டு கார் கம்பெனி.

ஆமாம், அதே ஃபோர்டு. ஹென்றி ஃபோர்டு விவசாயி மகன். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்க விவசாயிகள் விளைந்ததை விற்க முடியாமல் தவித்தபோது, வயலில் விளைவதைத் தொழிற்சாலைக்கு மூலப்பொருளாக்க வேண்டும் என்று கிளம்பினார். அவருடைய பிடிவாதம் சோயா மேல் விழுந்தது. அவருடைய தொழிற்பள்ளியிலேயே படித்த இளைஞர் பாயரை ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பாக்கினார். சோயா எண்ணெயிலிருந்து கார் பெயிண்ட், சோயா மாவு கலந்த பிளாஸ்டிக்கில் ஹாரன் பட்டன், கியர் குமிழ் என்று அடுத்தடுத்து வந்தன. 1934-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, சூப்பில் தொடங்கி இனிப்புவரை எல்லாவற்றிலும் சோயா போட்டு விருந்தே வைத்தார். மறு வருடம் வார்தாவில் காந்தி சோயாவை வேகவைத்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். இருவருக்கும் தொடர்பும் உண்டு. 1941-ல் ஃபோர்டு காந்திக்குக் கடிதம் எழுத, காந்தி தன் கையெழுத்திட்ட ராட்டை ஒன்றை அனுப்பிவைத்தார். ஒருவர் கையால் நூல் நூற்கச் சொன்னவர். இன்னொருவர் சோயாவிலிருந்தே நூல் நூற்றவர்.

நான் சொல்ல வந்த விஷயம் அந்த நூலில்தான் இருக்கிறது. கார் சீட்டுக்கு உறை தைக்கக் கம்பளி வேண்டும். ஆட்டு ரோமத்துக்குப் பதிலாக, சோயாப் புரதத்தைக் காரத்தில் கரைத்து, நுண்ணிய துளைகள் வழியாக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சி இழை எடுத்தார் பாயர். ஃபோர்டு அந்தத் துணியில் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டார். போர் நடக்கும்போதே, 1943-ல், இழைத் தொழிலை வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். பாயர் மட்டும் விடவில்லை. புரத இழைதானே, தின்னவும் செய்யலாமே என்று தோன்றியிருக்கிறது. இழைகளைக் கட்டாகச் சேர்த்து, கொழுப்பும் மணமும் ஏற்றி, கறி போல் செய்யும் முறைக்கு 1954-ல் காப்புரிமை வாங்கினார். அதை ஆரம்பத்திலேயே எடுத்துக்கொண்டவர்களில் ஒகையோ மாநிலத்தின் வொர்த்திங்டன் ஃபுட்ஸ் ஒன்று. நடத்தியவர்கள் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள். புலால் தவிர்ப்பதை வலியுறுத்தும் சபை அது. அதற்கும் அரை நூற்றாண்டு முன்பு, அதே சபை தொடங்கிய ஆரோக்கிய விடுதி ஒன்றில் டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக் வேர்க்கடலையில் கறி செய்து நோயாளிகளுக்குப் போட்டிருக்கிறார். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே சீனத்துப் புத்த மடங்களில் கோதுமை மாவைத் தண்ணீரில் கழுவிக் கழுவி, மிஞ்சும் பசையில் வாத்துக்கறியும் கோழிக்கறியும் செய்து விருந்தாளிகளை உபசரித்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் போனாலும் ஒரு விரதம் வந்து நிற்கிறது.

ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். நம் பாக்கெட்டில் இருப்பது அட்கின்சனின் அச்சில் வந்தது, பாயரின் இழை அல்ல. இழைமுறைக்குச் செலவு அதிகம், அச்சு மலிவு, மலிவானது ஜெயித்தது. பாயரை இந்தக் குடும்பத்தின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனாலும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கூடுவாஞ்சேரியில் செங்கல்பட்டு ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் மறைமலைநகர். அங்கேதான் ஃபோர்டு தொழிற்சாலை. 1990-களில் வந்தது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, மறு வருடம் கடைசிக் காரையும் வெளியே அனுப்பியபோது எங்கள் பகுதியில் எத்தனையோ வீடுகளில் உலை அடங்கியது. ஷிப்ட் முடிந்து வந்து புரட்டாசியில் மீல் மேக்கர் பிரியாணி தின்ற தொழிலாளிகளில் ஒருவருக்காவது தங்கள் முதலாளியின் தாத்தா காலத்துச் சோயா விருந்து தெரிந்திருக்குமா? அந்த ஊருக்குப் பெயர் கொடுத்த மறைமலையடிகளோ, பல்லாவரத்தில் வாழ்ந்து, புலால் மறுத்தலை ஓயாமல் வலியுறுத்திய சைவர். ஊருக்கும் ஆலைக்கும் இதைவிடப் பொருத்தம் பார்க்க முடியாது.

இத்தனை தூரம் சுற்றி வந்த பிறகுதான் பக்கத்து வீட்டு ஆயா நினைவுக்கு வந்தார். திருக்கழுக்குன்றம் பக்கத்துக்காரர். "இதுக்கா இம்மாம் தேடுன? சைவ ஈரல் செய்வமே" என்றார். பச்சைப்பயறை ஊறவைத்து, சோம்பு, மிளகு, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, இட்லிப் பானையில் தட்டில் ஊற்றி வேகவைக்க வேண்டும். ஆறியதும் துண்டு போட்டு எண்ணெயில் சிவக்க வறுத்து, வெங்காயம் தக்காளி மசாலாவில் புரட்டி எடுக்க வேண்டும். நிறமும், கடித்தால் பொடிப்பொடியாக உதிரும் பதமும் ஆட்டு ஈரலேதான். எதற்காகச் செய்தீர்கள் என்று கேட்டேன். "கிருத்திகை, அமாவாசைல பசங்க மூஞ்சிய தூக்கி வச்சிக்கும். அதுங்கள ஏமாத்தத்தான்." என் மகளின் நிபந்தனை திருக்கழுக்குன்றத்திலும் போடப்பட்டிருக்கிறது.

ஆயா நாருக்கு ஆசைப்படவில்லை. இயந்திரம் இல்லாமல் வராததை விட்டுவிட்டு, அரைத்து அவித்தால் எது வருமோ அந்த உறுப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இதுதான் எனக்குப் பிடித்த புத்திசாலித்தனம். இன்று தாவரக் கறி என்று உறையவைத்த பெட்டிகளில் விற்பவற்றைப் பாருங்கள். உதய்ப்பூரில் 2016-ல் தொடங்கிய குட்டாட் முதல் அமெரிக்க பர்கர் கம்பெனிகள் வரை எல்லோரும் நாருக்கும் ரத்தச் சிவப்புக்கும்தான் கோடிகளைக் கொட்டுகிறார்கள்.

டாக்கோ சங்கதிக்கு வருகிறேன். மீல் மேக்கரில் செய்வதானால் உப்புப் போட்ட கொதிநீரில் ஊறவைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, ஒட்டப் பிழியுங்கள். சோயாவின் பச்சை வாடை அந்தத் தண்ணீரோடு போகும். பிழிந்ததை மிக்ஸியில் விப்பரில் லேசாகச் சுற்றினால் கொத்துக்கறி. எண்ணெயில் தாராளம் வேண்டும், ஏனென்றால் கொழுப்பை எடுத்துவிட்ட மாவு இது. கறியின் ருசியில் பாதி கொழுப்பு. ஈரம் வற்றி ஓரம் சிவக்கும்வரை வறுத்த பிறகே மசாலா. பொடியாக நறுக்கிய காளானும் கொஞ்சம் சோயா சாஸும் சேர்த்தால் கறியின் அடிருசி வரும். பலா மூசு கிடைக்கும் மாதங்களில் அதை அவித்து நசுக்கினால் நார் தானாக வரும், புரதம் வராது. மேலே சுற்றும் ரொட்டிக்குக் கடையில் கார்ன் ஃபிளார் வாங்கிவிடாதீர்கள், அது வெறும் ஸ்டார்ச். மக்காச்சோள மாவு என்று கேளுங்கள். அதிலும் மெக்சிகோ ரொட்டி போல் வளையாது. அங்கே மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைக்கிறார்கள், அதனால்தான் மாவு பிடிக்கிறது. பாதிக்குப் பாதி கோதுமை மாவு கலந்தால் நம் தோசைக்கல்லில் கிழியாமல் வரும்.

மீல் மேக்கர், சைவ ஈரல் இரண்டையும் டாக்கோவில் வைத்து மகளுக்குச் செய்து கொடுத்தேன். மீல் மேக்கர் டாக்கோவைச் சாப்பிட்டுவிட்டுக் கடையில் கிடைப்பது போலவே இருக்கிறது என்றாள். சைவ ஈரலை எலுமிச்சை பிழிந்து, பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி வைத்ததைத்தான் மறுபடி கேட்டாள். என் கட்சியும் அதுதான். மீல் மேக்கர் மலிவு, அவசரத்துக்கு உதவும், புரதத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. டாக்கோவுக்கு மட்டும் ஒரு ராத்திரி முன்னதாகவே பச்சைப்பயறை ஊறப்போட்டுவிடுங்கள்.