பதிவுப் பாரமும் பல படிகளும்



பள்ளியில் பிள்ளையைப் பதிவதற்கு முன்பெல்லாம் ஒரு தாள் போதும். இருபுறமும் எழுதி, பிறப்புப் பத்திரத்தின் நகலை இணைத்துக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. அந்தப் பாரம் இணையத்திற்குச் சென்றபோது பல பக்கங்களாகப் பிரிந்தது. பிள்ளையின் விவரம் ஒரு பக்கம், தந்தைக்கு ஒரு பக்கம், தாய்க்கு ஒரு பக்கம், வருமானம், முகவரி, பத்திரங்களின் படம், கடைசியில் உறுதிமொழி. ஒவ்வொன்றின் அடியிலும் ‘அடுத்து’ என்றொரு பொத்தான். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைப் பெற்றோரும் சக ஆசிரியர்களும் கொஞ்சம் அறிந்திருப்பது நல்லது என்று எண்ணியே இதை எழுதுகிறேன்.

பொந்தியான் மாவட்டத்தில் உள்ள எங்கள் பெக்கான் நானாஸை அன்னாசி அருங்காட்சியகத்தைக் கொண்டு வெளியூரார் அறிவர். எங்கள் பெற்றோரில் பலர் முறைநேர வேலைக்குச் செல்பவர்கள். பாரத்தைக் கைப்பேசியில்தான் நிரப்புகின்றனர். ஒரு தாயார் என்னிடம் வந்து, “சார், மூணாவது பக்கம் வரைக்கும் போயிட்டேன். அவரோட ஐசி நம்பர் கேட்டுச்சு. அவரு வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் அப்படியே வச்சிருந்தேன். திரும்ப அமுக்கினா முதல் பக்கத்துக்கே போயிருச்சு” என்றார். இரண்டு முறை அப்படி நடந்திருக்கிறது. தமக்குக் கணினி தெரியாததால்தான் இப்படி என்று அவர் முடிவு கட்டியிருந்தார். அந்த முடிவு தவறு.

இணையத்தின் அடிப்படை நெறிமுறைக்கு நினைவாற்றல் கிடையாது. இரண்டாம் பக்கத்தை அனுப்பும்போது, முதற்பக்கத்தை அனுப்பியவர் நீங்கள்தாம் என்பது வழங்கிக்குத் தானாகத் தெரியாது. இந்தக் குறையை ஈடுசெய்யவே 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொந்துல்லி ‘குக்கி’ என்பதை உருவாக்கினார். உலாவியிடம் ஒரு சிறு அடையாளச் சீட்டு தரப்படுகிறது. நீங்கள் எழுதியவை அந்தச் சீட்டின் எண்ணில் வழங்கியில் காத்திருக்கின்றன. இக்காத்திருப்பை ‘அமர்வு’ என்பர். அமர்வுக்குக் காலக்கெடு உண்டு. பிஎச்பி மொழியில், யாரும் மாற்றாவிட்டால் அது 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். அதற்குமேல் சும்மா இருந்தால் தரவு துடைக்கப்படலாம். லாராவெல் சட்டகத்தில் 120 நிமிடம். ஜாங்கோவில் இரண்டு வாரம். ஒரு தாயின் அரைமணி நேர உழைப்பு நிலைப்பதும் அழிவதும் இந்த எண்ணைப் பொறுத்தது. நிரலாளருக்கோ அது ஒரே ஒரு வரி.

டபிள்யூ3சி வெளியிடும் அணுகல் நெறிகள் இதைப் பற்றிப் பேசுகின்றன. சும்மா இருந்தால் தரவு தொலையும் என்றால் எவ்வளவு நேரத்தில் தொலையும் என்பதை முன்னதாகவே சொல்லவேண்டும். அல்லது 20 மணி நேரத்திற்கு மேல் காத்துவைக்கவேண்டும். 2023-இல் வந்த 2.2 பதிப்போ, ஒருமுறை கொடுத்த தகவலை அதே வேலையில் மறுபடியும் தட்டச்சு செய்ய வைக்கக்கூடாது என்கிறது. இதைப் படித்தபோது நம் அடையாள எண்தான் நினைவுக்கு வந்தது. அதன் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம் (ஜொகூருக்கு 01), கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். எண்ணை வாங்கிக்கொண்ட பிறகும் பிறந்த தேதியையும் பாலினத்தையும் தனித்தனியே கேட்கும் பாரத்தை என்னவென்று சொல்வது!

கடந்த விடுமுறையில், பாலர் வகுப்புப் பதிவு என்று கற்பனை செய்துகொண்டு ஜாங்கோவில் ஒரு பாரம் கட்டிப் பார்த்தேன். என் மடிக்கணினிக்குள் மட்டுமே இயங்கும் பயிற்சி. உண்மையான பிள்ளைகளின் விவரம் எதுவும் அதில் இல்லை. படிப்படியான பாரங்களுக்கான கருவி முன்பு ஜாங்கோவுக்கு உள்ளேயே இருந்தது, 2015-இல் 1.8 பதிப்பின்போது ‘ஃபார்ம்டூல்ஸ்’ என்ற தனிப்பொதியாகப் பிரிந்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு பாரத்தை வரையறுத்து வரிசையாகக் கொடுத்தால் போதும். ஒவ்வொரு படியையும் சரிபார்த்து அமர்வில் வைத்துக்கொள்ளும். இறுதியில் எல்லாவற்றையும் மீண்டும் ஒருமுறை சரிபார்த்த பிறகே ஒப்படைக்கும்.

என்னை மிகவும் ஈர்த்தது, நிபந்தனைப்படி ஒரு படியையே தாண்டிச்செல்லும் வசதி. பிறப்புப் பத்திரத்தில் தந்தையின் பகுதியில் ‘தகவல் பெறப்படவில்லை’ என்று அச்சாகியிருக்கும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கின்றனர். திருமணப் பதிவு இல்லாமையே பெரும்பாலும் காரணம். எல்லாக் கட்டங்களுக்கும் சிவப்பு நட்சத்திரம் இட்ட தந்தைப் பக்கம் அந்தத் தாயின் முன் வந்தால் அவர் என்ன செய்வார்? எதையாவது இட்டு நிரப்புவார், அல்லது பாரத்தை மூடிவிடுவார். பிள்ளையின் பதிவு அங்கேயே நின்றுபோகும். முதற்பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியும், நிரலில் நான்கைந்து வரிகளும் அப்பக்கத்தை அவர் கண்ணில் படாமலேயே செய்துவிடுகின்றன. இதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. இப்படி ஒரு குடும்பம் உண்டு என்பது நிரலாளர் மனத்தில் இருக்கவேண்டும், அவ்வளவே.

பெயர்க் கட்டமும் அப்படியே. நம் பெயர்களின் நடுவே ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ வருகிறது. எழுத்துகளை மட்டும் ஏற்கும்படி எழுதப்பட்ட கட்டம் அந்தச் சாய்கோட்டைக் கண்டதும் ‘தவறான பெயர்’ என்கிறது. அடையாள அட்டையில் அரசாங்கமே அச்சிட்ட பெயர் எப்படித் தவறாகும்? விமானச் சீட்டு வாங்கியவர்களுக்கு இந்த அனுபவம் புதிதன்று. பெயர்களைப் பற்றி நிரலாளர்கள் நம்பும் பொய்களைப் பேட்ரிக் மெக்கன்ஸி 2010-இல் ஒரு பட்டியலாகவே எழுதினார். மக்களுக்குக் குடும்பப் பெயர் இருக்கும் என்பதும் அவற்றுள் ஒன்று. என் பாரத்தில் பெயருக்கு ஒரே கட்டம், சாய்கோட்டுக்கும் இடமுண்டு.

ஆறு படிகளாகத் தொடங்கியது இப்போது நான்காகச் சுருங்கியுள்ளது. கடைசிப் படி, கொடுத்தவை அனைத்தையும் ஒரே திரையில் காட்டுகிறது. அங்கிருந்து ‘திருத்து’ என்பதை அழுத்தினால் உரிய பக்கத்திற்குச் செல்லலாம். ஆனால் திருத்திய பின், இடைப்பட்ட பக்கங்கள் ஒவ்வொன்றையும் கடந்துதான் மீண்டும் கடைசித் திரைக்கு வரவேண்டியிருக்கிறது. கருவியின் இயல்பே அதுதான். நேராகத் திரும்பி வரும்படி மாற்றும் வேலை அடுத்த விடுமுறைக்கு.