முள்ளிக்குளத்தில் முடி வெட்டும் நாள்

ஆண்கள் எத்தனை நாளைக்கு ஒருமுறை முடி வெட்ட வேண்டும் என்று கேட்டால், மன்னார் பட்டினத்தில் பத்துப் பேரில் எட்டுப் பேர் யோசிக்காமலே ‘மாதம் ஒருமுறை’ என்பார்கள். சலூன் வீட்டு வாசலில் இருப்பவர்களுக்கு அது சரி. சலூனுக்குப் போக பஸ் ஏற வேண்டிய ஊரில் இந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று பார்க்கத்தான் முள்ளிக்குளம் புறப்பட்டேன்.

பாலம் கடந்து, வங்காலை தாண்டி, அருவியாற்றைக் கடந்தால் அரிப்பு. அடுத்தது சிலாவத்துறை. அதற்கும் தெற்கே கொண்டச்சி, மறிச்சுக்கட்டி. வில்பத்துக் காடு தொடங்குவதற்கு முன்னால், கடலோரமாக முள்ளிக்குளம். முடி வெட்டுவது பற்றி எழுதுகிறவன் சலூனில் தொடங்குவதுதான் முறை என்பதால் சிலாவத்துறையில் இறங்கினேன்.

கதிரை இரண்டு. சுவர் முழுக்கக் கண்ணாடி. கடைக்கார நானா ஒரு பெரியவருக்கு முகம் வழிக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். புது பிளேட் ஒன்றை எடுத்து, கடதாசி உறையோடு நடுவால் முறித்து, ஒரு பாதியை மட்டும் கத்திப் பிடிக்குள் செருகினார். பெரியவர் கண்ணாடியில் அதைப் பார்த்த பிறகுதான் தலையைப் பின்னால் சாய்த்தார். சலூனில் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். முதல் ஆளைக் கீறிய பிளேட்டில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் போதும், ஹெபடைடிஸ் பி அடுத்தவரின் உடம்புக்குள் போக. எத்தனை நாளைக்கு ஒருமுறை வெட்டுகிறோம் என்பதை விட எந்த பிளேட்டால் வழிக்கிறோம் என்பது பெரிய விஷயம்.

நான் கேள்வியைக் கேட்டதும் நானா சிரித்தார். “தம்பி, பக்கம் ஒட்ட எடுத்த பொடியன் ரெண்டு கிழமையில திரும்பி வந்து நிப்பான். மேல வளத்து வச்சிருக்கிறவர் ரெண்டு மாசத்துக்குப் பிறகுதான் இந்தப் பக்கம் வருவார். ஆளைப் பாத்தா நாள் சொல்லலாம்.”

விஞ்ஞானம் சொல்வதும் இதையேதான். தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீற்றர் வளரும். நாள் கணக்கில் பார்த்தால் ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கு. மிசினில் ஒன்றாம் நம்பர் போட்டு வெட்டினால் தோலோடு மிஞ்சுவது 3 மில்லிமீற்றர். ஒன்பது, பத்து நாளில் அது இரண்டு மடங்காகிவிடும். காதுக்கு மேலே எடுத்த கோடு அழிந்து போகும். ஐந்து சென்டிமீற்றர் முடி வைத்திருப்பவருக்கு அதே பத்து நாளில் கூடுவது பதினைந்தில் ஒரு பங்குதான். வீட்டில் உள்ளவர்களுக்குக்கூடத் தெரியாது. எவ்வளவு ஒட்ட வெட்டுகிறோமோ அவ்வளவு சீக்கிரம் திரும்பவும் கதிரையில் உட்கார வேண்டும். கையில் காசு குறைவானவர்கள் பக்கத்தை ஒட்ட எடுக்காமல் நாலாம் நம்பரில், அதாவது 13 மில்லிமீற்றரில், விடச் சொல்லுங்கள். ஒரு மாதம் தாராளமாகத் தாங்கும்.

அடிக்கடி வெட்டினால், மொட்டையடித்தால் முடி அடர்த்தியாக வரும் என்ற நம்பிக்கை எங்கள் ஊர்களில் இன்னும் விட்டுப் போகவில்லை. குழந்தைக்கு இரண்டு மூன்று தரம் மொட்டை போடும் தாய்மார் பலர். 1928இலேயே மில்ட்ரெட் ட்ரொட்டர் என்ற உடற்கூற்று ஆய்வாளர் மழித்த முடியையும் மழிக்காத முடியையும் அளந்து பார்த்து, வளரும் வேகத்திலும் தடிப்பிலும் வித்தியாசம் இல்லை என்று எழுதிவிட்டார். முடி வளர்வது தோலுக்கு அடியில். வெளியே நிற்பது உயிரில்லாத இழை. அதை வெட்டுவது வேருக்குத் தெரியாது.

நானாவிடம் இன்னொரு நாட்காட்டியும் இருந்தது: பிறை. ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யா (குர்பான்) கொடுக்க நிய்யத்து வைத்தவர்கள் துல்ஹஜ் பிறை கண்டதிலிருந்து குர்பான் கொடுக்கும் வரை முடியும் நகமும் வெட்டுவதில்லை. அதனால் பிறைக்கு முந்திய இரண்டு மூன்று நாள் கடையில் இடமிராது. பெருநாளோடு திரும்பவும் கூட்டம். மீசை கத்தரிக்கவும் நகம் வெட்டவும் நாற்பது நாளைக்கு மேல் விடக்கூடாது என்ற எல்லையும் ஹதீஸில் இருக்கிறது. தலைமுடிக்கு அந்த எல்லை சொல்லப்படவில்லை. ஆனாலும் ஒரு சாதாரண ஆணுக்கு நாற்பது நாள் என்பது நல்ல கணக்கு என்றுதான் எனக்குப் படுகிறது.

முள்ளிக்குளத்தில் இறங்கி நடந்தபோது நாட்காட்டி மாறியது. இது கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் ஊர். ஓகஸ்ட் 15 பரலோக மாதா திருநாள். அதற்கு முந்திய கிழமையில் ஊர் ஆண்கள் எல்லோரும் வெட்டிவிடுவார்கள். பிறகு நத்தார். தவக்காலத்தில் தாடி வழிக்காமல் நேர்த்தி வைப்பவர்கள் உயிர்ப்பு ஞாயிறுக்கு முன் வழிப்பார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நாள் குறிக்கும். இடையில் வரும் மாதங்களுக்கு?

“கழுத்து அரிக்கத் தொடங்கினா வெட்டுறதுதான்” என்றார் கோயில் பக்கம் வலை பொத்திக்கொண்டிருந்த ஓர் அண்ணன். கடலில் நிற்பவர்களுக்கு இதை விடச் சரியான அளவுகோல் இல்லை. உப்புத் தண்ணீர் காய்ந்து பிடரி முடியில் படியும், மேலே வியர்வை, தோல் உலர நேரமில்லை. வேர்க்குருவும் படையும் வருவது அங்கேதான். அவர் சட்டைக் கழுத்தை விலக்கிக் காட்டினார். பிடரியில் மயிர்க்கால் ஒவ்வொன்றும் சிவந்து தடித்திருந்தது. வெயில் காலத்தில் மேல் முடி இருந்தாலும் பிடரியை மூன்று கிழமைக்கு ஒருமுறையாவது எடுப்பது, கரை ஏறியதும் நல்ல தண்ணீரில் தலை கழுவுவது: கடற்றொழிலாளருக்கு இந்த இரண்டும் வேண்டும்.

ஆனால் மூன்று கிழமைக்கு ஒருமுறை எங்கே போவது? நான் நடந்த தெருக்களில் சலூன் பலகை ஒன்றும் கண்ணில் படவில்லை. ஒரு வீட்டுத் திண்ணையில் தகப்பன் மகனைக் கவிழ்த்த வாளியில் இருத்தி, பழைய சீலையைக் கழுத்தில் சுற்றி, சீப்பும் கத்தரிக்கோலுமாக வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டு ஒழுங்காகத்தான் இருந்தது. மிசின் மட்டும் பழகிய இளம் கைகளுக்கு இந்தப் பக்குவம் வராது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போன நாட்களை நினைத்தால் கத்தரிக்கோல் பழகியவரின் அருமை தெரியும். சிலாவத்துறைக்குப் போனால் வெட்டுக் கூலியோடு பஸ் காசு, அரை நாள் தொழில் எல்லாம் போகும் என்றார் அவர். மாதக் கணக்கு இங்கே இரண்டு மாதமாக இழுபடுவதற்குக் காரணம் சோம்பல் இல்லை.

சலூன் ஒன்று நிற்க ஊர் ஓரிடத்தில் இருக்க வேண்டும். 2007 செப்டெம்பரில் இந்த ஊர் முழுவதும் வெளியேற்றப்பட்டது; பிறகு அங்கே கடற்படை முகாம் வந்தது. 2012இல் திரும்பியவர்கள் சொந்த வீட்டுக்குள் போக முடியாமல் மலங்காட்டிலும் காயாக்குழியிலுமாகக் கொட்டில் போட்டார்கள். 2017 மார்ச் 23இல் தொடங்கிய போராட்டத்துக்குப் பிறகு, ஏப்ரல் 29 அன்று 100 ஏக்கர் விடுவதாகக் கடற்படை அறிவித்தது. கோயிலைச் சுற்றி மீண்டும் குடியேற்றம் தொடங்கியது. இப்படிச் சிதறிய ஊரில் தேநீர்க் கடை, சைக்கிள் கடை, சலூன் எல்லாம் கடைசியில்தான் திரும்பி வரும். காணி விடுவிப்பைப் பற்றிப் பேசும்போது ஏக்கரைத்தான் எண்ணுகிறோம். முடி வெட்ட ஓரிடம் இருக்கிறதா என்பதையும் எண்ண வேண்டும்.

முன்னொரு காலத்தில் வடக்கின் பல ஊர்களில் முடி வெட்டுபவர் சாதிக் கட்டின்படி வீடு வீடாக வந்து வெட்டி, அறுவடையில் நெல் வாங்கிப் போனார். அந்த முறை திரும்பி வர வேண்டியதில்லை. வேண்டியது, யாரும் பழகக்கூடிய, கூலி பேசி வாங்கும் ஒரு கைத்தொழிலாக அது இந்த ஊரில் நிலைப்பது. முசலிப் பிரதேச சபை கோயில் பக்கமாக ஒரு சிறு அறை கட்டிக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கட்டும். கத்தரிக்கோல் பிடிக்க விருப்பமுள்ள முள்ளிக்குளத்துப் பிள்ளைகள் இரண்டு பேரைத் தொழில் பழக்கட்டும். கிழமைக்கு இரண்டு நாள் திறந்தாலே இந்த ஊருக்குப் போதும்.