ஆச்சியின் மாத்திரையும் அரை ராத்திரி வைஃபையும்

1/ கொஞ்சம் நீளமான த்ரெட். பாதி கம்ப்யூட்டர், பாதி மருத்துவம். வீட்ல யாராவது வார்ஃபரின் மாத்திரை சாப்பிடறவங்க இருந்தா கடைசி வரைக்கும் வாசிங்க.

2/ ஐப்பசி மாசம். குற்றாலம் மெயின் அருவியில வெள்ளம், குளிக்கத் தடை. சாயங்காலம் ஒரு பெரிய இடி. கரண்ட் போயிட்டு வந்தது. கிளினிக்ல லைட் வந்துச்சு, ஃபேன் வந்துச்சு. நோயாளிகள் பதிவேடு மட்டும் என் மேஜைக் கம்ப்யூட்டர்ல திறக்கவே இல்ல.

3/ பதிவேடு இருக்கறது மாடியில ஒரு பழைய லேப்டாப்ல. உபுண்டு சர்வர் போட்டு வெச்சிருக்கேன். பேட்டரி இருக்கறதால கரண்ட் போனாலும் ஓடும். அங்கேருந்து கீழே ரவுட்டருக்கு நீளமா ஒரு கேபிள். பக்கத்துல இடி விழுந்தா இந்த மாதிரி கேபிள்ல மின்னழுத்தம் சட்டுனு எகிறும். லேப்டாப் பொழைச்சுக்கிச்சு. கேபிள் சொருகற போர்ட் செத்துப் போச்சு.

4/ மறுநாள் முதல் டோக்கன் ஒரு ஆச்சி. செயற்கை இதய வால்வு வெச்சவங்க. வால்வுல ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின். டோஸ் கூடினா ரத்தக்கசிவு, குறைஞ்சா கட்டி. மாசாமாசம் ஐஎன்ஆர் டெஸ்ட் பார்த்துத்தான் டோஸ் எழுதணும். அவங்க டோஸ் விவரம் எல்லாம் அந்த லேப்டாப்ல. பேப்பர்ல எழுதறதை நான் விட்டு ரெண்டு வருஷம். பேக்கப்பும் அதே லேப்டாப்ல. முழுக்க என் தப்பு.

5/ சோஹோ மத்தளம்பாறையில இருக்கற ஊர்தான். ஆனா ராத்திரி பத்தரைக்கு யார் வீட்டுக் கதவைத் தட்ட? நானும் கம்பவுண்டர் தம்பியும் மாடிக்குப் போனோம். மௌஸ் கிடையாது, ஐகான் கிடையாது. கருப்புத் திரையில கட்டளையைத் தட்டணும்.

6/ முதல் கட்டளை 'ஐபி லிங்க்'. நாடி பிடிக்கற மாதிரி. கேபிள் போர்ட்டுக்கு நேரா 'நோ கேரியர்'. அதுக்குக் கீழ 'டபிள்யூஎல்'னு தொடங்கற ஒரு பேரு: வைஃபை கார்டு உயிரோட இருக்கு! 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' போட்டா அணைச்சு வெச்சிருக்குன்னு காட்டுச்சு. 'ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை'ன்னு திறந்து விட்டேன்.

7/ அடுத்த சிக்கல். ரவுட்டர்கிட்ட பாஸ்வேர்டைச் சொல்லி உள்ள நுழையற வேலையைச் செய்யறது 'டபிள்யூபிஏ சப்ளிகன்ட்'ங்கற புரோகிராம். அது என் சர்வர்ல இல்ல. இறக்கணும்னா நெட் வேணும், நெட் வரணும்னா அது வேணும். கல்யாணம் ஆனா பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும்!

8/ தம்பிதான் கேட்டான்: "சார், போனை யூஎஸ்பி வயர்ல சொருகி அதுல இருந்து நெட் குடுத்தா என்ன?" சொருகி, டெதரிங்கை ஆன் பண்ணினதும் சர்வர் அந்த போனையே இன்னொரு நெட்வொர்க் கார்டா எடுத்துக்கிச்சு. 'டிஹெச்கிளையன்ட்' கட்டளையில முகவரி வாங்கி, புரோகிராமை இறக்கியாச்சு.

9/ இப்ப நெட்பிளான் ஃபைல்ல வைஃபை பேரு, பாஸ்வேர்டு, முகவரி எழுதணும். முகவரி பழசாவே இருக்கணும், இல்லேன்னா என் மேஜைக் கம்ப்யூட்டர் சர்வரைக் கண்டுபிடிக்காது. பாஸ்வேர்டு அப்படியே வெளிப்படையா கிடக்கும், அதனால வேற யாரும் ஃபைலைப் படிக்க முடியாதபடி பூட்டணும். எழுதினேன். எரர். திரும்ப எழுதினேன். திரும்ப எரர். மணி பன்னிரண்டு.

10/ தம்பி டார்ச்சைத் திரைக்குப் பக்கத்துல கொண்டு வந்து, "சார், இந்த வரி மட்டும் கொஞ்சம் தள்ளி நிக்குது" என்றான். இந்த ஃபைல்ல வரிக்கு முன்னாடி விடற இடைவெளிக்கும் அர்த்தம் உண்டு. நான் டேப் பட்டனை அமுக்கியிருக்கேன். அதுல டேப் கூடாது, ஸ்பேஸ்தான்.

11/ கடைசியா 'நெட்பிளான் ட்ரை'. எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டளை. புது அமைப்பை ஓட்டிப் பார்க்கும். 120 நொடிக்குள்ள என்டர் தட்டி 'சரி'ன்னு சொல்லலேன்னா, தானாவே பழசுக்குத் திரும்பிடும். தியேட்டர்ல எங்களுக்குச் சொல்லித் தர்றதும் இதுதான்: திரும்பி வர வழி வெச்சுக்கிட்டு கையை வை. கீழேருந்து தம்பி கத்தினான்: "வந்துருச்சு சார்!" என்டர்.

12/ தூக்கம் வரல. தேனி ஞாபகம் வந்தது. 2005-06 வாக்குல அங்க அரவிந்த் கண் மருத்துவமனையும் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து கிராமத்துக் கண் மையங்களை வைஃபையாலயே இணைச்சாங்க. கிராமத்துல நோயாளி, ஆஸ்பத்திரியில டாக்டர், நடுவுல பல கிலோமீட்டர் காத்து. சாதாரண வைஃபை பதில் சமிக்ஞைக்கு அவ்வளவு நேரம் காத்திருக்காது. அதனால முறை வெச்சுப் பேசற மாதிரி மாத்தி அமைச்சாங்க.

13/ ஆனா அந்தக் குழு 2008-ல வெளியிட்ட கட்டுரையில அதிகம் பேசினது வேற விஷயம்: இதைத் தொடர்ந்து ஓட வைக்கறது எப்படி? மோசமான மின்சாரம் கருவிகளைக் கெடுத்தது. பழுதானா என்னன்னு பார்க்க உள்ளூர் ஆளைப் பழக்க வேண்டியிருந்தது. மாடியில தம்பி டார்ச் பிடிச்சு நின்னது கண்ணு முன்னால வந்தது.

14/ காலை. ஆச்சி வந்தாங்க. "என்ன மாத்திரை ஆச்சி சாப்பிடறீங்க?" "அதேதான் ஐயா, தினம் அஞ்சு." பதிவேட்டைத் திறந்தேன். போன மாசம் நான் குறைச்சு எழுதினது நாலு. வீட்ல பழைய ஸ்ட்ரிப் மிச்சம் இருந்திருக்கு, வீணாக்க மனசில்லாம அதையே சாப்பிட்டிருக்காங்க. "பல்லு விளக்கினா ரத்தம் வருது, வயசாச்சுல்லா" என்று சிரிச்சாங்க. ஐஎன்ஆர் 4.6. அவங்களுக்கு 3.5-க்கு மேல போகக் கூடாது. பதிவேடு இல்லாம ஆச்சி சொன்னதை நம்பியிருந்தா, அஞ்சுலயே ஐஎன்ஆர் ஏறிடுச்சுன்னு நினைச்சு, வீட்ல எந்த ஸ்ட்ரிப் கிடக்குன்னே கேட்காம அனுப்பியிருப்பேன்.

15/ அன்னிக்கு டோஸை நிறுத்தச் சொல்லி, மறுநாள்லேருந்து நாலு. பழைய ஸ்ட்ரிப்பைப் பேரன் கொண்டுவந்து குடுத்துட்டான்.

16/ இப்ப பேக்கப் வேற இடத்துல. வெயிட்டிங் ஹால்ல கேட்கறவங்களுக்குத் தனி வைஃபை, பதிவேட்டுக்குத் தனி. கட்டளைகளைத் தம்பி தன் கையால தமிழ்ல எழுதி லேப்டாப் மேல ஒட்டியிருக்கான். வார்ஃபரின் நோயாளிகளுக்கு டோஸ் எழுதின அட்டை கையிலயே.

17/ உங்க வீட்ல வார்ஃபரின் சாப்பிடறவங்க இருந்தா: டோஸ் மாறினதும் பழைய ஸ்ட்ரிப்பை அப்புறப்படுத்துங்க. சளி, காய்ச்சலுக்குக்கூட வேற மாத்திரை வாங்கும்போது வார்ஃபரின் சாப்பிடறதைச் சொல்லுங்க. ஈறுல ரத்தம் வந்தா வயசு மேல பழி போடாதீங்க. டாக்டர்கிட்ட வாங்க.